கேளுங்கள், சொல்கிறோம்: அரங்கத்துக்குள் பேண்டு

கேள்வி: எங்கள் பள்ளி பேண்டு மைதானத்தில் நன்றாக வாசிக்கிறது. தகரக் கூரை போட்ட உள்ளரங்குக்குள் போனதும் டிரம் ஒரு பக்கம், டிரம்பெட் ஒரு பக்கம். பயிற்சி போதவில்லையா?
- உடற்கல்வி ஆசிரியர், அஸ்தம்பட்டி

பதில்: பிள்ளைகளைத் திட்டாதீர்கள். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் ஓடும். பின்வரிசை சைடு டிரம்முக்கும் முன்வரிசை டிரம்பெட்டுக்கும் நடுவே 20 மீட்டர் என்றால், அடி போய்ச் சேர 58 மில்லி நொடி. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஓர் அடியில் நாலில் ஒரு பங்கே 125 மில்லி நொடி. கிட்டத்தட்ட அதில் பாதி போய்விட்டது.

அதனால் தாளம் எப்போதும் பின்னாலிருந்து வர வேண்டும். நடு சைடு டிரம்காரர் ஒருவரைத் தாளத்துக்குப் பொறுப்பாக்குங்கள். முன்னின்று கையசைத்து நடத்தும் டிரம் மேஜரின் கை அந்த டிரம்காரரின் காலடியோடு போகட்டும். முன்வரிசை, காதில் விழும் டிரம்மோடு சேர்ந்து வாசித்தால் இரண்டும் ஒன்றாகவே பார்வையாளரிடம் போய்ச் சேரும். பின்வரிசை மட்டும் முன்னாலிருந்து வரும் டிரம்பெட்டைப் பின்பற்றவே கூடாது. பிந்தியதைக் கேட்டு வாசித்தால் பிசகு இரட்டிப்பாகி 116 மில்லி நொடி ஆகும். பெரும்பாலான குழுக்கள் சறுக்குவது இங்கேதான்.

அடுத்தது எதிர்ச்சுவர். 30 மீட்டர் தள்ளியிருந்தால் எதிரொலி திரும்ப 174 மில்லி நொடி. பிள்ளைகள் அதையே தாளமென்று பிடித்துக்கொள்வார்கள். பவானி ஜமக்காளங்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மடிப்புவிட்டுத் தொங்கவிடுங்கள். சைடு டிரம்மின் கூர்மை அடங்கும். பேஸ் டிரம்மின் முழக்கத்துக்கு அது போதாது, உள்ளே ஒரு டவலை மடித்து வையுங்கள்.

கேள்வி: சேலத்தில் சுருதி சேர்த்துக்கொண்டு ஏற்காடு போனால் சுருதி இறங்கிவிடுகிறதே?
- பேண்டு மாஸ்டர், சூரமங்கலம்

பதில்: குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாக ஓடும். ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஊதுகருவி சுமார் 3 செண்ட் இறங்கும் (நிலத்துச் செண்ட் இல்லை, அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு). 35 டிகிரியிலிருந்து 20-க்குப் போனால் கணக்குப்படி 45 செண்ட். வாசிக்கும்போது மூச்சுச் சூடு அதைக் குறைக்கும். சும்மா நிற்கும்போது மறுபடி இறங்கும். எனவே கருவியை வேனிலிருந்து இறக்கியதும் சுருதி பார்க்காதீர்கள். அரங்குக்குள் நுழையுமுன் இரண்டு நிமிடம் சத்தமில்லாமல் சூடான மூச்சை ஊதி, பிறகு டியூனிங் ஸ்லைடை (சுருதியை ஏற்றி இறக்கும் நகர்குழாய்) உள்ளே தள்ளுங்கள். கீழேயே முழுக்கத் தள்ளி வைத்திருந்தால் மலையில் தள்ள இடமிருக்காது. மூடுபனியில் தோல் போர்த்திய டிரம் தளரும். பிளாஸ்டிக் போர்வைக்கு அந்தத் தொல்லை இல்லை. மரக் கிளாரினெட்டைச் சட்டென்று சூடேற்றாதீர்கள், வெடிக்கும்.

கேள்வி: பேண்டும் கொடிக்குழுவும் அரங்கத்துக்குள் மோதும் இந்த உள்ளரங்கப் போட்டி எந்த நாட்டுச் சரக்கு?
- வாசகி, ஓமலூர்

பதில்: அமெரிக்கா. வின்டர் கார்டு இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 1977-இல் கொடி சுழற்றி ஆடும் கொடிக்குழுக்களுக்காகத் தொடங்கியது. 1993-இல் தாளக்கருவிகளும் 2015-இல் ஊதுகருவிகளும் சேர்ந்தன. ஆடுகளம் கூடைப்பந்துத் தளம்தான்.

கேள்வி: கொடிக்கம்பைத் தூக்கிப்போட்டால் கூரையில் இடிக்கிறது. துணி முனை வேறு சாய்ந்துகொண்டே விழுகிறது.
- பிளஸ் ஒன் மாணவி, ஏற்காடு

பதில்: எத்தனை எண்ணிக்கைக்குப் பிடிக்கிறீர்கள் என்பதே உயரத்தைத் தீர்மானிக்கும். 120 வேகத்தில் 2 எண்ணிக்கை என்றால் ஒரு நொடி; கம்பின் நடுப்பகுதி கையிலிருந்து 1.2 மீட்டர் ஏறும். 3 எண்ணிக்கைக்கு 2.8 மீட்டர், 4-க்கு 4.9. அதோடு கை உயரம் ஒன்றரை மீட்டரையும் ஆறடிக் கம்பில் பாதியான 0.9 மீட்டரையும் கூட்டுங்கள். ஐந்து மீட்டர் கூரைக்கு 2 எண்ணிக்கைதான் பாதுகாப்பு. ஃபேன் தொங்கினால் அதன் இறக்கையிலிருந்து அளந்து கொள்ளுங்கள், ஓடவும் விடாதீர்கள்.

சாய்வதற்குக் காரணம் துணியின் கனம். அடிமுனைக்குள் ஒரு போல்ட்டைச் செருகி அசையாமல் டேப் சுற்றுங்கள். உள்ளே ஆடினால் ஒவ்வொரு சுழற்சியும் ஒவ்வொரு மாதிரி வரும். கம்பை ஒரு விரலில் நிறுத்திப் பார்த்து, சமநிலை நிற்கும் இடத்தில் நிற டேப் ஒட்டினால் கை தானாகவே அங்கே போகும். இரு முனைக்கும் கைத்தடி ரப்பர் புஷ் மாட்டுங்கள், அரங்கத்தின் மரத்தளம் கீறாது.