கிளவுடுக்குச் செல்லும் டேப்புக்கு உள்ளூரில் எவ்வளவு இடம் வேண்டும்?

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் ஸ்கேன் படங்களையும் நோயாளிகளின் பதிவுகளையும் நாள்தோறும் இரவு 10 மணி முதல் விடியற்காலை 4 மணி வரை முழு பேக்கப் எடுக்கிறோம். எழுதும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 50 எம்பி. இதுவரை டேப்பில் எழுதி அலமாரியில் பூட்டி வைத்ததை, இனி அமேசானின் டேப் கேட்வே (பேக்கப் மென்பொருளுக்கு டேப் இயந்திரம்போலத் தோன்றி, தரவை இணையம் வழியே கிளவுடுக்கு அனுப்பும் மென்பொருள்) வழியாக மும்பையிலுள்ள அதன் தரவு மையத்துக்கு அனுப்ப முடிவு செய்திருக்கிறோம். இணைய இணைப்பு 100 எம்பிபிஎஸ். 2 டிபி டிஸ்க் ஒன்று வாங்கினால் போதும் என்கிறார் விற்பனையாளர். போதுமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: போதாது. கேட்வே உள்ளூரில் இரண்டு வகை இடம் கேட்கிறது. இரண்டையும் தனித்தனி டிஸ்க்குகளில்தான் ஒதுக்க வேண்டும். ஒன்று அப்லோட் பஃபர். மும்பைக்குச் செல்லக் காத்திருக்கும் தரவு தங்கும் இடம் அது. மற்றொன்று கேஷ், அண்மையில் எழுதிய டேப்புகளை இணையத்தை நாடாமல் உடனே படிப்பதற்கானது. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 150 ஜிபி வேண்டும். பஃபருக்கு உச்ச வரம்பு 2 டிபி, கேஷுக்கு 64 டிபி.

பஃபரைக் கணக்கிட, எழுதும் வேகத்திலிருந்து அனுப்பும் வேகத்தைக் கழித்து, எழுதும் நேரத்தை நொடிகளாக்கிப் பெருக்க வேண்டும். உங்கள் இணைப்பின் 100 என்பது மெகாபிட்; எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்பி. நடைமுறையில் 10 கிடைத்தால் நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவேற்ற வேகமும் அதே 100தானா என்பதை இணைய நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனெனில் பல திட்டங்களில் அது குறைவு. எளிதில் சுருங்கும் எழுத்துத் தரவாக இருந்தால், கேட்வே அதைச் சுருக்கி அனுப்பும் என்பதால், அனுப்பும் வேகத்தை இரண்டு மடங்காகக்கூடக் கொள்ளலாம். ஸ்கேன் படங்களும், பேக்கப் மென்பொருள் ஏற்கெனவே சுருக்கிய கோப்புகளும் மேலும் சுருங்க மாட்டா. ஆகவே 50இல் 10 போக 40. ஆறு மணி நேரம் என்பது 21,600 நொடி. பெருக்கினால் 8,64,000 எம்பி, அதாவது 864 ஜிபி.

இந்த எண்ணைப் பார்த்து உங்கள் விற்பனையாளர் சொன்னது சரி என்று எண்ணிவிடாதீர்கள். பாய்ச்சலை அளக்கிறவர் வடிகாலையும் அளக்க வேண்டும் என்பதை டெல்டாக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. நொடிக்கு 10 எம்பி வீதம் 864 ஜிபி வடிவதற்கு முழுதாக 24 மணி நேரம் ஆகும்; ஆனால் 4 மணிக்கும் அடுத்த 10 மணிக்கும் இடையே இருப்பது 18 மணி நேரமே. ஒவ்வோர் இரவும் 216 ஜிபி மிச்சமாகிச் சேர்ந்துகொண்டே போகும். பஃபருக்கு உச்ச வரம்பான 2 டிபியை, அதாவது ஏறத்தாழ 2,200 ஜிபியை, முழுவதும் ஒதுக்கினாலும் எட்டாம் இரவில் அது நிரம்பிவிடும். அதன்பின் இணைய இணைப்பு அனுப்பும் வேகத்தில்தான் பேக்கப் நகரும். காலையில் புறநோயாளிகள் வரிசையில் நிற்கும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கும். எத்தனை டிஸ்க் வாங்கினாலும் தீராத சிக்கல் இது.

முழு பேக்கப்பைச் சனிக்கிழமை இரவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் மாறியதை மட்டும் எடுங்கள். தினசரி மாற்றம் 60 ஜிபி என்று கொண்டால், ஞாயிறு இரவு பத்து மணிக்கு மிஞ்சியிருக்கும் 216 ஜிபியோடு இந்த 60 சேர்ந்தாலும் சிரமமில்லை. சனி இரவே இணைப்பு அறுந்து ஒரு நாள் முழுக்க வராவிட்டால், முழு பேக்கப்பின் 1,080 ஜிபியும் ஞாயிற்றுக்கிழமையின் 60 ஜிபியும் பஃபரிலேயே தங்க வேண்டியிருக்கும். அதனால் பஃபருக்கு 1.5 டிபி ஒதுக்கச் சொல்வேன். கேஷ், பஃபரைப்போல் 1.1 மடங்காவது இருக்க வேண்டும் என்பது அமேசானின் பரிந்துரை. 2 டிபி கொடுத்தால் ஒரு வாரத்து பேக்கப் முழுவதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பிறகு இடம் போதாவிட்டால் புதிய டிஸ்க்கைச் சேர்க்கலாமே தவிர, ஏற்கெனவே ஒதுக்கிய டிஸ்க்கின் அளவை மாற்றவோ அதைக் கழற்றவோ கூடாது.

கேள்வி: 2018 நவம்பரில் கஜா புயலின்போது எங்கள் பகுதியில் பல நாட்கள் மின்சாரமும் இணையமும் இல்லை. அத்தனை நாட்களுக்கும் சேர்த்து பஃபர் ஒதுக்க வேண்டுமா?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: வேண்டாம். மின்சாரம் இல்லாத நாட்களில் உங்கள் சர்வரும் ஓடாது, எழுதப்படுவதும் ஒன்றுமில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டியது, புயலுக்கு முந்தைய இரவு எழுதப்பட்டு இன்னும் அனுப்பப்படாத தரவைப் பற்றியே. கேட்வே ஓடும் கணினிப் பெட்டியைத் தவிர அது வேறெங்கும் இல்லை. கேட்வே பழுதானால், மும்பைக்குப் போய்ச் சேர்ந்தவற்றை வேறொரு கேட்வேயில் மீட்டுப் படிக்க முடியும். போய்ச் சேராதவற்றை மீட்க வழியில்லை. ஆகவே பஃபர், கேஷ் ஆகிய இரு வகை டிஸ்க்குகளையும், ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவு தப்பும் ரெய்டு அமைப்பில் வையுங்கள், பெட்டியை மாடிக்கு ஏற்றுங்கள், யுபிஎஸ் இணையுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கணக்கு, ஊதியம் போன்ற சிறிய தரவுத்தளங்களைத் தனி வேலையாகப் பிரித்து முதலில் அனுப்பினால், பெரிய கோப்புகளுக்குப் பின்னால் அவை காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

கேள்வி: டேப்பின் அளவைப் பெரிதாக வைத்தால் கட்டணம் கூடுமா? எழுதி முடித்ததும் ஆவணக் காப்புக்கு அனுப்பிவிடலாமா?
- வாசகர், திருவாரூர்

பதில்: எழுதிய தரவுக்கே கட்டணம், காலி இடத்துக்கு இல்லை. அனுப்புவதில் அவசரம் வேண்டாம். பேக்கப் மென்பொருளில் டேப்பை வெளியேற்றினால் அது அமேசானின் நீண்டகால ஆவணக் காப்பகங்களான கிளேசியருக்கோ டீப் ஆர்க்கைவுக்கோ போய்விடும். அங்கிருந்து திரும்பப் பெற முன்னதில் 3 முதல் 5 மணி நேரமும், பின்னதில் 12 மணி நேரம் வரையும் ஆகும். முன்னதில் 90 நாட்களுக்குள்ளும் பின்னதில் 180 நாட்களுக்குள்ளும் அழித்தால் மீதிக் காலத்துக்கும் கட்டணம் உண்டு. பணியாளர் ஒருவர் கோப்பைத் தவறுதலாக அழித்துவிட்டு வந்து நிற்பது பெரும்பாலும் அதே வாரத்தில்தான். ஆகவே வாராந்தர டேப்புகளை வெளியேற்றாமல் வைத்துக்கொண்டு, மாத இறுதி டேப்பை மட்டும் வெளியேற்றுங்கள்.