ஹார்னஸ் போடலாமா? சீட் பெல்ட் பற்றி வாசகர் கேள்விகள்

தினமும் கொழும்புக் காலி வீதியில் ஓடும் ஸ்விஃப்ட் கார். சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு 4 பொயின்ட் ஹார்னஸ் (இரு தோளையும் இடுப்பையும் நான்கு இடங்களில் பிணைக்கும் ரேஸ் பட்டி) போட்டால் பாதுகாப்புக் கூடும்தானே? (வெள்ளவத்தை)

குறையும். கம்பனி பெல்ட் வெறும் பட்டி அல்ல. மோதும் கணத்தில் ப்ரீடென்ஷனர் தளர்வை இழுத்துக்கொள்ளும். பிறகு லோட் லிமிட்டர் பட்டியைச் சற்று விட்டுக்கொடுத்து, நெஞ்சில் விழும் அடியைக் குறைக்கும். எயார்பேக் விரியும் நேரமும் இந்த அசைவை வைத்தே கணக்கிடப்பட்டது.

ஹார்னஸ் இரு தோள்களையும் கட்டிப்போடுவதால் தலை மட்டும் முன்னே பாயும். முழுப் பாரமும் கழுத்துக்கு. 2001இல் அமெரிக்காவின் டேடோனா ரேஸில் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்த பிறகுதான் ஹான்ஸ் கழுத்துக் காப்பு ரேஸில் பரவலாகக் கட்டாயமானது. 4 பொயின்ட்டில் இன்னொரு வில்லங்கம்: கால்களுக்கிடையே பட்டி இல்லை. தோள்பட்டியை இறுக்க இறுக்க இடுப்புப்பட்டி வயிற்றுக்கு ஏறும், மோதினால் உடல் பட்டிக்குக் கீழால் வழுக்கும். ரோல் கேஜ் (கூரையைத் தாங்கும் இரும்புக் குழாய்க் கூடு) இல்லாத கார் புரண்டால், அமுங்கும் கூரைக்குக் கீழே சாயவும் முடியாது.

இதெல்லாம் போக, சந்தியில் எட்டிப் பார்க்க முடியாமல் பட்டியைத் தளர்த்துவீர்கள். தளர்ந்த ஹார்னஸ் இறுக்கியதைவிட ஆபத்து.

கட்டுக்குருந்தை ரேஸ் ட்ராக்குக்கு மட்டும் கேஜ், பக்கெட் சீட்டோடு (உடலை அணைக்கும் ரேஸ் இருக்கை) 6 பொயின்ட் ஹார்னஸ், கால்களுக்கிடையேயும் பட்டி உள்ளது. தோள்பட்டியைப் பின்சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டலாமா? (தெகிவளை)

கோணத்தை அளந்து பாருங்கள். சீட்டின் மேல்விளிம்பிலிருந்து பின்னால் போகும் பட்டி, கிடைமட்டத்துக்கு 45 பாகைக்கு மேல் இறங்கக் கூடாது. 10 பாகைக்குள் நிற்பது சிறப்பு. செங்குத்தாக இறங்கினால் மோதலில் முதுகெலும்பை அழுத்தும். கேஜின் குறுக்குக் குழாயில் சுற்றுவதே சரி.

தரையில் புதிதாகத் துளைப்பதானால் வெறும் வாஷர் போதாது. மெல்லிய தகட்டைக் கிழித்துக்கொண்டு போல்ட் வந்துவிடும். குறைந்தது 3 மி.மீ. தடிப்பும் 40 சதுர செ.மீ. பரப்பும் உள்ள இரும்புத் தகடு அடியில் வேண்டும். போல்ட் 7/16 அங்குல யூஎன்எஃப் (நுண்புரி) அல்லது 8.8 பலத் தர எம்12 (12 மி.மீ.).

அதிகம் தவறுவது கொக்கியில் பட்டியைக் கோர்ப்பதில். மூன்று கம்பிக் கொக்கியில் பட்டியின் நுனியைத் திருப்பி மறுபடி உள்ளே விட வேண்டும். ஒற்றைக் கோர்ப்பு பாரத்தில் வழுக்கும். கட்டும்போது இடுப்புப்பட்டியை முதலில் இடுப்பெலும்பின் மேல் தாழ இறுக்கி, தோளைக் கடைசியில் இறுக்குங்கள்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பாவித்த ஹார்னஸ் மலிவாக வருகிறது. வாங்கலாமா? (வத்தளை)

லேபிளைப் பாருங்கள். எஃப்ஐஏ (உலக மோட்டார் ரேஸ் அமைப்பு) பட்டியில் காலாவதி ஆண்டு அச்சாகியிருக்கும், எஸ்எஃப்ஐ 16.1 (அமெரிக்க ரேஸ் பாதுகாப்புத் தரம்) என்றால் தயாரித்ததிலிருந்து 2 வருடம். லேபிள் வெட்டப்பட்டிருந்தாலோ, விபத்தில் பட்டிருந்தாலோ, வெயிலில் நிறம் வெளிறியிருந்தாலோ தொடவே வேண்டாம். பட்டி நன்றாகத் தெரிந்தாலும் நூல் பலமிழந்திருக்கும்.

பழைய பெல்ட் சுருளாமல் தொங்குகிறது. மாற்ற வேண்டுமா? (கொட்டாஞ்சேனை)

முதலில் தோள் உயர வளையத்தைத் துடைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே படிந்த வியர்வை அழுக்குத்தான். பட்டியை முழுதாக வெளியே இழுத்துக் கிளிப் போட்டு, மென்சவர்க்கார நீரால் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள். ஓரம் நைந்திருந்தால் செஸி இலக்கம் சொல்லி முழு செட்டையும் எடுங்கள். ப்ரீடென்ஷனர் உள்ள காரில் பற்றரியைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் பொறுத்த பிறகுதான் அதன் மஞ்சள் வயர் இணைப்பைத் தொடலாம்.