மரவேலை தெரிந்தவர் மரச்சாமானை விலைக்கு வாங்கலாமா? – கேள்வி பதில்

பொழுதுபோக்காக மரவேலை செய்யும் நண்பர்கள், தாங்களே செய்யக்கூடிய நாற்காலியையும் அலமாரியையும் விலை கொடுத்து வாங்குவது பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பழைய மரச்சாமான்களைப் பிரித்துப் பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால், எந்தச் சாமானையும் அது எங்கே உடையும் என்ற கண்ணோடுதான் பார்ப்பேன். மெத்தை, துணி, அறை அலங்காரம் ஆகியவை என் துறைக்கு வெளியே உள்ளவை.

கேள்வி: வீட்டில் சொந்தப் பட்டறை இருக்கிறது. சாப்பாட்டு மேசையும் ஆறு நாற்காலிகளும் வேண்டும். விலைக்கு வாங்கினால், "இத்தனை கருவிகள் பிறகு எதற்கு?" என்று வீட்டில் கேட்பார்கள்.

பதில்: கேட்கட்டும், ஐயா. மேசையை நீங்கள் செய்யுங்கள், நாற்காலிகளை வாங்குங்கள். மேசை பெரும்பாலும் செங்கோணங்களால் ஆனது. கோணமானியும் பொறுமையும் இருந்தால் முதல் மேசையே நன்றாக அமைந்துவிடும். நாற்காலியின் இருக்கையோ முன்புறம் அகன்றும் பின்புறம் குறுகியும் இருப்பதால், பக்கச் சட்டங்கள் பின்காலைச் செங்கோணத்தில் சந்திப்பதில்லை. கழுந்தையோ (துளைக்குள் நுழையும் மர நாக்கு) அதன் துளையையோ சாய்வாக எடுக்க வேண்டும். அதே பின்கால் மேலே போய் முதுகுச் சாய்மானமாக வளைகிறது. உட்காருபவர் பின்னால் சாயும் ஒவ்வொரு முறையும் அந்த ஒரே இணைப்புதான் நெம்பப்படுகிறது. பழுதுபார்க்க வரும் நாற்காலிகளில் பெரும்பாலானவை அந்த இடத்தில்தான் விட்டிருக்கும்.

உட்காரும் சுகத்தை வரைபடத்தில் பார்க்க முடியாது என்பது அடுத்த சிக்கல். இருக்கையின் உயரம் 43 முதல் 46 சென்டிமீட்டர் வரை இருக்கலாம் என்று எழுதிவிடலாம். ஆனால் இருக்கை எவ்வளவு பின்சரிய வேண்டும், முதுகு எங்கே தாங்கப்பட வேண்டும் என்பதையெல்லாம் மாதிரி நாற்காலி செய்து உட்கார்ந்து பார்த்துத்தான் திருத்த முடியும். நல்ல பட்டறைகள் அந்த மாதிரிகளுக்கும் அச்சுச் சட்டங்களுக்கும் ஆகும் உழைப்பை நூற்றுக்கணக்கான நாற்காலிகளில் பகிர்ந்துகொள்கின்றன. நீங்கள் அதை ஆறில் பகிர வேண்டும்.

கடையில் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். மூலைகளில் முக்கோண மரக்கட்டை பொருத்திப் பசையும் திருகாணியும் இட்டிருந்தால் நல்லது. சட்டத்தைக் காலோடு பிடித்திருப்பது திருகாணி மட்டுமே என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: விற்பவர் மேசைப்பலகையை "முழு மரம்" என்கிறார். எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: பலகையின் முகத்தில் ஓடும் ரேகைகளைப் பின்தொடர்ந்து அதன் தலைப்பக்கத்துக்கு வாருங்கள். முழு மரமானால் மேலே ஓடிய கோடுகள் விளிம்பைத் தாண்டி, அறுபட்ட முனையில் வளையத் துண்டுகளாகத் தொடரும். விளிம்பில் ரேகை திடீரென்று திசை மாறி நீளவாக்கில் ஓடினால் அங்கே ஒட்டுச்சட்டம் இருக்கிறது. முகத்தில் இருப்பது வெனீர், அதாவது வேறு பலகைமேல் ஒட்டிய மெல்லிய மர ஏடு என்றே கொள்ளலாம்.

முழு மரம் என்று உறுதியான பிறகு கேட்க வேண்டிய கேள்வியைத்தான் பலர் கேட்பதில்லை: அந்தப் பலகை விரிந்து சுருங்க இடம் விட்டிருக்கிறார்களா? மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது, குறுக்கே அசையும். சாதாரணமாக அறுத்த தேக்குப் பலகை, தன் ஈரப்பதத்தில் 1 விழுக்காடு மாறும்போது அகலத்தில் ஏறத்தாழ 0.2 விழுக்காடு மாறும். வறண்ட பருவத்துக்கும் மழைப் பருவத்துக்கும் இடையே மரத்தின் ஈரப்பதம் 4 விழுக்காடு மாறினால், 90 சென்டிமீட்டர் அகல மேசை ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். எந்தப் பசையாலும் அதைத் தடுக்க முடியாது. ஆகவே மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள். பலகையைச் சட்டத்தோடு பிடிக்கும் திருகாணிகள் நீள்துளைகளில் இருக்கின்றனவா, அல்லது சட்டத்தின் பள்ளத்தில் நகரக்கூடிய சிறு மரத்துண்டுகள் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். நாற்புறமும் இறுக்கி முடுக்கிய முழு மரப் பலகை, இன்றோ நாளையோ வெடிக்கும்.

கேள்வி: வெனீர் என்றாலே மலிவுச் சரக்குதானே?

பதில்: இல்லை. ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய ஏடுகளைப் புத்தகம் விரித்தாற்போல் பொருத்திய அலமாரிக் கதவை முழு மரத்தில் செய்தால், அது கோணாமல் நிற்பது கடினம். வெனீருக்கு அடியில் என்ன பலகை என்று கேளுங்கள்; உட்புறத்திலும் வெனீர் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு முகத்தில் மட்டும் ஒட்டியது வளையும்.

கேள்வி: சோபாவுக்கு எந்த வகை ஸ்பாஞ்ச் நீடிக்கும்?

பதில்: மெத்தைத் தொழில் செய்பவரிடம் கேளுங்கள், அம்மா.

கேள்வி: இழுப்பறை மூலைகளில் புறாவின் வால்போல் விரிந்து ஒன்றோடொன்று கோக்கும் புறாவால் இணைப்புகள் எல்லாம் அச்சில் வார்த்தாற்போல் ஒரே அளவில் இருந்தால், அது இயந்திர வேலை. அதற்கு உயர்ந்த விலை கொடுப்பது ஏமாறுவதுதான் என்பது என் கருத்து.

பதில்: இயந்திர வேலை என்று நீங்கள் கண்டுபிடித்தது சரி, ஏமாற்று என்ற முடிவுதான் தவறு. ஆஸ்திரியாவில் நாற்காலித் தொழிற்சாலை நடத்திய மிக்கேல் தோனெட்டின் 14ஆம் எண் நாற்காலி 1859இல் வந்தது. நீராவியில் வளைத்த பீச் மரத்தாலான ஆறு துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகள்: அவ்வளவுதான் அதன் உடல். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கின. முழுக்க முழுக்கத் தொழிற்சாலைச் சரக்கான அந்த நாற்காலியைக் குறைசொல்லும் தச்சரை நான் சந்தித்ததில்லை.

அதே நண்பர் மீண்டும்: தோனெட் நாற்காலி உணவகங்களுக்குச் செய்த மலிவு நாற்காலி. நான் உயர்தரச் சாமானைப் பற்றிப் பேசுகிறேன்.

பதில்: அப்படியானால் டென்மார்க்கின் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்த, முதுகுப்பகுதி ஒய் வடிவில் உள்ள நாற்காலியை எடுத்துக்கொள்வோம். அதன் மரப்பகுதிகளை இயந்திரங்கள் கடைகின்றன. இருக்கையை ஏறத்தாழ 120 மீட்டர் காகிதக் கயிற்றால் கையால் பின்னுகிறார்கள். எதை இயந்திரத்துக்கு விடுவது, எதைக் கையில் வைத்துக்கொள்வது என்று அவர்கள் தெரிந்து பிரித்திருக்கிறார்கள்.

இன்னொரு நண்பர்: இந்த விவாதத்தைப் படித்தால் கைவேலைக்கு மதிப்பே இல்லை என்று தோன்றுகிறதே!

பதில்: மதிப்பு உண்டு, அதைத் தேடும் இடம் வேறு. முதலில் பலகைத் தேர்வைப் பாருங்கள். அலமாரியின் இழுப்பறை முகப்புகள் எல்லாம் ஒரே பலகையிலிருந்து வரிசையாக அறுக்கப்பட்டு, ரேகை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொடர்ந்தால், அங்கே ஒருவர் நின்று யோசித்திருக்கிறார். அடுத்து, ஓர் இழுப்பறையை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். மிக நெருக்கமாக இழைத்துப் பொருத்திய அலமாரியில், அடைபட்ட காற்று போக வழியின்றிப் பக்கத்து இழுப்பறையை ஒரு விரல் அளவு வெளியே தள்ளும். இழுப்பறையை முழுவதும் வெளியே எடுத்து அடிப்பகுதியை விரலால் தடவினால், இழைப்புளி விட்ட மெல்லிய அலைகள் தட்டுப்படும்.

புறாவாலைப் பற்றியே கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வால்களுக்கு நடுவே உள்ள கூர், முனையில் ரம்பத்தின் கனம் அளவுக்கே குறுகியிருந்தால் அது கையால் அறுத்தது. சுழலும் அலகால் மரத்தைக் குடையும் ரவுட்டர் இயந்திரத்தின் அலகுத் தண்டு அவ்வளவு குறுகலான வழியில் நுழையாது. அளவுக் கோடு கீறும் கருவியான குறிகோல் கீறிய கோடு தெரிகிறது என்பதை மட்டும் சான்றாக நம்பாதீர்கள். இயந்திரத்தில் வெட்டிய பிறகும் அந்தக் கோட்டைக் கீறிவிடலாம்.

இயந்திர வேலை பற்றிக் கேட்ட நண்பர்: மொத்தத்தில் நீங்கள் தொழிற்சாலைகளுக்கு விளம்பரம் செய்கிறீர்கள்.

பதில்: அலமாரியைக் கவிழ்க்கவும் இழுப்பறையை உருவவும் சொல்பவனை எந்த விற்பனையாளரும் விளம்பரத்துக்கு வைத்துக்கொள்ள மாட்டார். இந்தத் தர்க்கத்தை இத்துடன் முடிப்போம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: எந்த மரம் சிறந்தது?

பதில்: பலர் இதையே கேட்டிருக்கிறார்கள். சரியாக உலர்ந்து, சரியாக இணைக்கப்பட்ட மரம். வைரம் பாய்ந்த கட்டையில் போட்ட மோசமான இணைப்பு, எளிய மரத்தில் போட்ட நல்ல இணைப்புக்கு முன்பே விட்டுவிடும். உங்களிடம் ஈரமானி இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஊசி குத்தும் வகையைக் கொண்டு போய்ப் பிறர் பலகையில் ஓட்டை போடாதீர்கள்.

கேள்வி: தேக்கா, ரோஸ்வுட்டா?

பதில்: மேலே உள்ள பதிலைப் படிக்கவும். ரோஸ்வுட் சாமானை நாடு விட்டு நாடு கொண்டுபோவதாக இருந்தால் மட்டும் ஒரு சொல்: ரோஸ்வுட் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அனுமதிச் சீட்டு பற்றி முன்கூட்டியே விசாரியுங்கள்.

கேள்வி: தேர்ந்த தச்சர் ஒருவரிடம் அலமாரி செய்யச் சொல்ல நினைக்கிறேன். மரத்தை நானே கொடுத்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் பலகை பின்னால் முறுக்கிக்கொண்டால் குற்றம் யாருடையது என்ற வழக்கு எழும். அலமாரி நிற்கப்போகும் சுவரின் அளவு, அங்கே வெயில் விழுமா, உள்ளே என்ன வைக்கப்போகிறீர்கள், எந்தப் பாலிஷ் என்பவற்றை எழுதிக் கொடுங்கள். இணைப்பு முறையை அவரிடமே விடுங்கள். மர விலையை மட்டும் கணக்கிட்டுப் பேரம் பேசாதீர்கள். உழைப்பு எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்பது மற்றவர்களைவிட உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: பழைய மேசை ஒன்று கிடைத்திருக்கிறது. அரக்குப் பாலிஷா, புதுப் பூச்சா என்று எப்படி அறிவது? உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாமா?

பதில்: தேய்க்காதீர்கள். கண்ணில் படாத மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். அரக்கு இளகி ஒட்டும்; பி.யு. (பாலியூரிதேன்) பூச்சு அசையாது. அரக்கானால் அதே அரக்கைக் கொண்டே மேலே புதுப்பிக்கலாம்.

கேள்வி: படத்தைப் பார்த்து ஆர்டர் செய்யலாமா?

பதில்: கவிழ்த்துப் பார்க்க முடியாததை வாங்காதீர்கள். அப்படியே வாங்குவதானால், அடிப்பகுதியின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: வாங்கிய நாற்காலியை அளந்து, அதைப் பார்த்து வீட்டில் ஒன்று செய்யலாமா?

பதில்: உங்கள் கைப்பழக்கத்துக்குத் தாராளமாகச் செய்யுங்கள், விற்பதானால் வடிவமைப்பு உரிமை குறுக்கே வரும். பின்காலைத் தடித்த அட்டையில் வைத்து வெளிக்கோடு வரைந்துகொள்ளுங்கள். இருக்கையின் நான்கு மூலைகளும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று தனித்தனியே அளந்து குறியுங்கள். இணைப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டுப் புது நாற்காலியைப் பிரித்துவிடாதீர்கள். சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழுந்துக்கு எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.