மகள் பயோடெக் கேட்கிறாள், என்ன செய்வது?

வணக்கம் அம்மா. வீட்டில் எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார்கள், மகளோ நொதித்தல் முறையில், அதாவது பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து, அமினோ அமிலம் தயாரிக்கும் தொழிற்சாலைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், இதை நம்பிச் சேர்க்கலாமா என்று எழுதியிருந்தீர்கள்.

நாமக்கல்லில் கோழிப்பண்ணை நடத்துகிறீர்கள். மக்காச்சோளத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு என்பதால் தீவனத்தில் கலக்கிறீர்களே, அந்த 25 கிலோ லைசின் மூட்டை இப்படித் தயாரானதுதான். (பக்கத்தில் இருக்கும் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் பெரும்பாலும் ரசாயன முறையில் வருவது, அது கெமிக்கல் இன்ஜினியர்களின் வேலை.) 1956-ல் ஜப்பானின் கியோவா ஹக்கோ நிறுவனத்தில் ஷுகுவோ கினோஷிட்டா குழுவினர் குளுட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்தைச் சுரக்கும் பாக்டீரியா ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதன் வழிவந்த ரகங்கள் இன்றும் சர்க்கரைப்பாகைத் தின்று லைசினைத் தருகின்றன.

வேலை எப்படி இருக்கும் என்பதை மகள் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைக் கோட்டும் மைக்ரோஸ்கோப்புமாக இருப்பவர்கள் சிலர்தான். மற்றவர்கள் பல மாடி உயரத் தொட்டிகளுக்கு நடுவே ஷிப்டு பார்ப்பவர்கள். ஒரு பேட்ச் இரண்டு மூன்று நாள் ஓடும். அமிலத்தன்மை கூடினால் அம்மோனியா விட வேண்டும். அதுவே பாக்டீரியாவுக்கு நைட்ரஜனும் ஆகிறது. காற்று குறைந்தால் லைசினுக்குப் பதில் லாக்டிக் அமிலம் சேர ஆரம்பிக்கும். நீராவியில் சரியாகச் சுத்தம் செய்யாத ஒரு வால்வு வழியாக வேறு கிருமி நுழைந்தால் பேட்ச் மொத்தமும் சாக்கடைக்கு. இரவு ஷிப்டும் உண்டு. இதெல்லாம் கேட்ட பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால் தாராளமாகச் சேருங்கள்.

ஆனால் லைசினை மட்டும் நம்பி அல்ல. அந்தச் சந்தையில் சீனாவின் கைதான் ஓங்கியிருக்கிறது. அதே தொட்டி வேலை தெரிந்தவருக்குத் தடுப்பூசி, என்சைம், இன்சுலின் நிறுவனங்களிலும் இடம் உண்டு. பெங்களூரின் பயோகான் ஈஸ்ட்டை வளர்த்துத்தான் இன்சுலின் எடுக்கிறது. ஆரம்பச் சம்பளம் பெரும்பாலும் சாஃப்ட்வேரைவிடக் குறைவு. பி.டெக்கோடு நிறுத்தினால் தரப் பரிசோதனை மேசையிலேயே தங்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. கேட் தேர்வில் உயிரித் தொழில்நுட்பத் தாள் எழுதி எம்.டெக் வரை போவது நல்லது.

சேர்க்கையில் என் முதல் தேர்வு அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி ஏ.சி. டெக் கல்லூரியில் இண்டஸ்ட்ரியல் பயோடெக்னாலஜி. கட்-ஆஃப் எட்டாவிட்டால், பயோடெக் பெயருக்காகச் சுமாரான கல்லூரியில் சேர்ப்பதைவிட நல்ல கல்லூரியில் கெமிக்கல் இன்ஜினியரிங் எடுக்கச் சொல்வேன். படிகமாக்குவது, வடிகட்டுவது, உலர்த்துவது எல்லாம் அந்தப் பாடம்தான். அதே தொழிற்சாலைக்குள் அந்த வழியிலும் நுழையலாம்.

கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியலைப் பூட்டுமுன் கல்லூரிக்கு நேரில் போங்கள். ஃபெர்மென்டரை, அதாவது நொதித்தல் தொட்டியை, காட்டச் சொல்லுங்கள். கடைசியாக எப்போது ஓட்டினீர்கள் என்று லேப் அசிஸ்டென்ட்டைக் கேளுங்கள், பேராசிரியரை அல்ல.