பழைய வீட்டுக்கு வேண்டாம், புது லேஅவுட்டுக்கு வேண்டும்: புரோக்கர் பதிவும் வேல்யூவர் பதிவும்

"ஓசூரில் பதினைந்து வருடமாகப் பழைய வீடு, காலி மனை வாங்கி விற்பதற்குப் புரோக்கராக இருக்கிறேன். இப்போது ஒரு புரமோட்டர் தன் புது லேஅவுட்டில் மனை விற்றுத் தரச் சொல்கிறார். எனக்கு லைசென்ஸ் வேண்டுமா? சிவில் இன்ஜினீயரான என் மைத்துனருக்கு வேல்யூவர் (சொத்துக்கு மதிப்பு போடுபவர்) ஆக ஆசை. அதற்கு என்ன வழி?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இத்தனை வருடம் நீங்கள் செய்தது தப்பில்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், 9ஆம் பிரிவில், ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவான திட்டங்களில் விற்றுத் தருபவர்தான் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஒருவர் குடியிருந்த வீட்டை இன்னொருவருக்கு முடித்துக் கொடுப்பது அதில் வராது.

லேஅவுட் கதை வேறு. 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது பன்னிரண்டு சென்ட்டைக் கொஞ்சம் தாண்டினாலே, திட்டத்தைப் பதிவு செய்தாக வேண்டும். டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இருக்கிறது என்பார்கள். அது வேறு, இது வேறு. பதிவாகாத திட்டத்தில் மனை விற்றுக் கொடுத்தால் புரமோட்டரோடு நீங்களும் மாட்டுவீர்கள். இன்னொன்று, பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: நோட்டீஸில் அச்சிட்டிருப்பது திட்டத்தின் நம்பர். ஏஜெண்டுக்கென்று தனி நம்பர் உண்டு. முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அதைக் குறிப்பிட வேண்டும்.

ஏஜெண்ட் பதிவில்லாமல் விற்றால் அபராதம் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், மனை விலையில் 5 சதவீதம் வரை. 30 லட்ச ரூபாய் மனை என்றால் பதினைந்தே நாளில் ஒன்றரை லட்சம். உங்கள் கமிஷன் அதில் காணாமல் போய்விடும்.

பதிவுக்கு இந்தச் சட்டம் படிப்புத் தகுதி எதுவும் கேட்கவில்லை. மகாராஷ்டிராவில் 2023 முதல் பயிற்சி, பரீட்சை என்று கெடுபிடி. எனக்கென்னவோ அது நல்லதாகத்தான் படுகிறது. விண்ணப்பம் தமிழ்நாடு ரெரா இணையதளத்திலேயே. பான், போட்டோ, முகவரிச் சான்று, வருமான வரிக் கணக்கு எல்லாம் தயாராக இருக்கட்டும். ஓசூர்க்காரர் என்பதால் ஒரு எச்சரிக்கை: இந்தப் பதிவு தமிழ்நாடு முழுக்கச் செல்லும், ஆனால் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியோடு நின்றுவிடும். பெங்களூரு ஃபிளாட்டை விற்க கர்நாடக ரெராவில் தனியாகப் பதிய வேண்டும்.

சரி, மைத்துனர் விஷயம். வேல்யூவருக்கு மாநில லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. அறிக்கையை யார் கேட்கிறார்கள் என்பதுதான் கணக்கு. கம்பெனிச் சட்டப்படியான மதிப்பீட்டுக்கு ஐபிபிஐ (இந்தியத் திவால் வாரியம்) பதிவு வேண்டும்: சிவில் பட்டம், அதன்பின் ஐந்து வருட அனுபவம், அங்கீகரிக்கப்பட்ட அமைப்பில் 50 மணி நேரப் பயிற்சி, அப்புறம் பரீட்சை. 60 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். தப்பான விடைக்கு மார்க் குறைப்பார்கள். பூர்வீக வீட்டை விற்றவர்களுக்கு லாபத்தின் மீதான வரிக் கணக்குக்காக 2001 ஏப்ரல் 1ஆம் தேதி மதிப்பு தேவைப்படும்போது, ஆடிட்டர்கள் செல்வ வரிச் சட்டத்தின் 34ஏபி பிரிவில் பதிந்தவரைத் தேடுவது வழக்கம். செல்வ வரி 2015இலேயே போய்விட்டது, பதிவு மட்டும் தங்கிவிட்டது! அதற்குப் பத்து வருட அனுபவம் வேண்டும். வீட்டுக்கடன் மதிப்பீடு என்றால் அந்தந்த வங்கியின் பேனலில் (வேல்யூவர் பட்டியலில்) சேர வேண்டும்.

அவர் பேனலில் சேர்ந்த பிறகு, நீங்கள் முடிக்கும் மனைக்கு அவரே மதிப்பு போட வேண்டாம். வங்கியில் உறவைச் சொல்லி, வேறு வேல்யூவரை அனுப்பச் சொல்லிவிடுங்கள்.