ஒரே வகுப்பில் மூன்று நிலைப் பிள்ளைகள்: பாடம் எப்படி நடத்துவது?

கேள்வி: ஏற்காடு பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். 22 பிள்ளைகள். சிலர் கணக்கை எழுதிப் போடும்போதே விடை சொல்லிவிடுகிறார்கள். சிலருக்கு இரண்டு இலக்க எண்ணே தகராறு. காப்பிப் பழம் பறிக்கும் சீசனில் பல நாள் வராமல் போகிறவர்களும் உண்டு. தினமும் மூன்று பாடத்திட்டம் எழுத நேரமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: மூன்று பாடம் வேண்டாம், டீச்சர். பாடம் ஒன்றுதான். அதைப் பிடிக்க யாருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை மட்டும் மாற்றுங்கள்.

முதலில் பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்று பாருங்கள். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 35 என்று எழுதினால் அது கவனக்குறைவு இல்லை. 2-இலிருந்து 7 போகாது என்பதால் 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது. பத்தைப் பிரித்து ஒன்றுகளாக்கலாம் என்பது அதற்கு இன்னும் புரியவில்லை. இந்தப் பிள்ளைக்கு இன்னும் இருபது கணக்கு கொடுத்தால் இருபதிலும் இதே தப்புதான் வரும்.

40 நிமிட வகுப்பில் முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் ஒரே கதை: 52 கிலோ பழம் பறித்தார்கள், 27 கிலோ எடை போட்டாச்சு, மீதி எவ்வளவு? அடுத்த இருபது நிமிடம் மூன்று குழு. 35 எழுதியவர்களோடு நீங்கள் தரையில் உட்காருங்கள். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து ஈர்க்குச்சிக் கட்டு, உதிரியாக இரண்டு. ஏழு குச்சி கொடு என்றால் பிள்ளை ஒரு கட்டை அவிழ்த்தே ஆகணும். அவிழ்க்கட்டும், நீங்கள் அவிழ்க்காதீர்கள். நடுக் குழு குச்சியில்லாமல், பத்துகள், ஒன்றுகள் என்று பிரித்த இடமதிப்புக் கட்டம் போட்டுச் செய்யட்டும். வேகமானவர்களுக்கு அதே மாதிரிக் கணக்கைக் கூடுதலாகத் தராதீர்கள், அது தண்டனை மாதிரி. 35 ஏன் தப்பு என்று எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் 25 விடையாக வரும் கதைக்கணக்கு ஒன்றை உருவாக்கச் சொல்லுங்கள். கடைசிப் பத்து நிமிடம் மறுபடி எல்லோரும் ஒன்றாக.

வேகமான பிள்ளைகளைத் தினமும் குட்டி ஆசிரியர் ஆக்குவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. எப்போதாவது சரி. அவர்களும் படிக்கத்தானே வந்திருக்கிறார்கள்!

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி, கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது உங்களுக்குப் பழக்கம்தான். அந்தப் பிரிப்பு பயனுள்ளது. ஆனால் ஜூனில் அரும்பில் உட்கார்ந்த பிள்ளை மார்ச்சிலும் அங்கேயே உட்கார்ந்திருந்தால் அது பிரிப்பு இல்லை, முத்திரை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தமிழுக்கும் கணக்குக்கும் ஒரே குழு வேண்டாம். வாசிக்கத் திணறும் பிள்ளை கடையில் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கும். "மெல்லக் கற்போர்" என்ற பேச்சு பிள்ளைகள் காதில் விழவே கூடாது.

சீசன் முடிந்து வருபவர்களை நேராகக் கடைசிக் குழுவில் தள்ளிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார வைத்து, விட்டுப்போன பாடத்திலிருந்து இரண்டு கணக்கு போடச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எல்லாப் பாடத்திலும் ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டாம். வாரம் இரண்டு நாள், கணக்கில் மட்டும் தொடங்குங்கள். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் கை பழகியதும் தமிழ் வாசிப்புக்குக் கொண்டு போகலாம்.