மார்லின் 336 லெவர் ரைபிள்ல ரெட் டாட் போடலாமா? போட்டா எப்படிப் போடணும்?

நீங்க கேட்டது இதுதானே: மார்லின் 336 (கீழ இருக்கற லெவரை அடிச்சு ஒவ்வொரு தோட்டாவா ஏத்தற ரைபிள்), .30-30 தோட்டா, மான் வேட்டைக்கு வச்சிருக்கீங்க, வயசு நாப்பத்தஞ்சு தாண்டிடுச்சு, இரும்பு சைட்டு மங்கலா தெரியுது, ஆனா ஸ்கோப்பு மாட்டி அந்தத் துப்பாக்கியோட லட்சணத்தைக் கெடுக்க மனசு வரல. ரெட் டாட்டுன்னா கண்ணாடி வழியா பாக்கும்போது குறி வைக்க ஒரு சிவப்புப் புள்ளி காட்டற, பேட்டரியில ஓடற சைட்டு. போடுங்க சார், தாராளமா போடுங்க. கௌபாய் துப்பாக்கிக்கு பேட்டரி எதுக்குன்னு ரேஞ்சுல ரெண்டு பெருசுங்க மூஞ்சியைச் சுளிக்கும், அதைக் கண்டுக்காதீங்க.

நான் இருக்கறது பென்சில்வேனியா, இங்க மான் வேட்டைக்கு செமி ஆட்டோமேட்டிக் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏத்திக்கற) ரைபிள் எடுத்துட்டுப் போகக்கூடாது, அதனால லெவர் ரைபிளுக்கு மவுசு இன்னும் குறையவே இல்ல. நான் போற காட்டுல மரம் அடர்த்தி, மான் கண்ணுல படறதே 50, 60 கஜத்துக்குள்ளதான், அதுவும் விடியறதுக்கு அரை மணி முன்னாடி, இல்ல இருட்டற நேரத்துல. வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு அந்த வெளிச்சத்துல பின் சைட்டு, முன் சைட்டு, மான் மூணும் ஒண்ணா தெளிவா தெரியவே தெரியாது, எதையாவது ஒண்ணை விட்டுத்தான் ஆகணும். ரெட் டாட்ல அந்தப் பிரச்சனை இல்ல, மானைப் பாத்தா போதும், புள்ளி அது மேலயே நிக்கும். நிறைய பேர் இதை லேசர்னு நினைச்சுக்கறாங்க, மான் மேல எந்த வெளிச்சமும் படாது, உள்ள இருக்கற சின்ன எல்இடி லென்ஸ்ல பட்டு நம்ம கண்ணுக்குத் திரும்பி வருது, அவ்ளோதான்.

வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. கண்ணுல அஸ்டிக்மாட்டிசம் இருந்தா புள்ளி புள்ளியா தெரியாது, நட்சத்திரம் மாதிரி சிதறித் தெரியும். கடையிலயே போன் கேமராவை அது வழியா வச்சுப் பாருங்க, கேமராவுல உருண்டையா இருந்து உங்க கண்ணுக்கு மட்டும் சிதறினா குறை சைட்டுல இல்ல. வெளிச்சத்தைக் குறைச்சா கொஞ்சம் சரியாகும், அப்பவும் சிதறினா ரெட் டாட்டை மறந்துட்டு பீப் சைட்டு (சின்ன ஓட்டை வழியா பாக்கற இரும்பு சைட்டு) போட்டுக்கோங்க, அதுவும் நல்ல சாமான்தான்.

இப்ப மவுண்ட், அதாவது டாட்டைத் துப்பாக்கியோட பிடிச்சு வைக்கற அடி. என்னைக் கேட்டா எந்த கம்பெனி டாட்டுங்கறதை விட எவ்வளவு உயரத்துல உக்காருதுங்கறதுதான் முக்கியம். 336 ஸ்டாக்கு (தோள்ல வைக்கற கட்டை) இரும்பு சைட்டுக்காக செஞ்சது, கன்னம் வைக்கற இடம் தாழ்வா இருக்கும். ஏஆர் (ராணுவ ஸ்டைல் செமி ஆட்டோமேட்டிக்) ரைபிளுக்கு வர்ற உயரமான மவுண்ட்டை இதுல மாட்டினா கன்னம் கட்டையில படாது, மோவாயை வச்சுக்கிட்டு காம்பவுண்டு சுவருக்கு மேல எட்டிப் பாக்கற மாதிரிதான் சுடணும், புள்ளியைத் தேடறதுலயே மான் போயிடும். டாட்டோட பெட்டியில கூடவே ஒரு உயர மவுண்ட்டு வந்தா அதைக் கழட்டி ஓரமா வச்சுட்டு தாழ்வானதை மாட்டுங்க. ரிசீவர் (துப்பாக்கியோட இயக்கம் இருக்கற நடு இரும்புப் பகுதி) மேல நேரா உக்கார்ற சின்ன தட்டு கிடைக்குது, அதுல போட்டா எல்லாத்தையும் விட தாழ்வு, ஆனா அந்தத் தட்டு உங்க டாட்டோட அடிப்பாகத்துக்குப் பொருந்துதான்னு பாத்து வாங்கணும், எய்ம்பாயிண்ட் மைக்ரோ டாட்டுக்கு வெட்டினதுல டிரிஜிகான் ஆர்எம்ஆர் டாட்டு உக்காராது. இல்லன்னா எக்ஸ்எஸ் கம்பெனி செய்யற நீளமான ரெயில், பின்னாடி பீப் சைட்டும் சேந்தே வரும், பேட்டரி போனா டாட்டைக் கழட்டிட்டு அதுலயே சுடலாம். நான் ரெயில்தான் போட்டிருக்கேன், கூட ஸ்டாக்குல ஒரு தோல் உறை கட்டி கன்னத்துக்குக் கொஞ்சம் உசரம் ஏத்தியிருக்கேன்.

மாட்டற வேலை பெருசா ஒண்ணும் இல்ல. முதல்ல டியூப் மேகசின் (பேரலுக்குக் கீழ தோட்டா இருக்கற குழாய்) சுத்தமா காலியான்னு பாருங்க, தோட்டா வெளிய வர்றது நிக்கற வரைக்கும் லெவரை அடிச்சு, சேம்பருக்குள்ள (பேரல்ல தோட்டா உக்கார்ற அறை) கண்ணால பாத்து, விரலையும் விட்டுப் பாத்துட்டு அப்புறம் ஸ்க்ரூவைத் தொடுங்க. 1950களுக்கு அப்புறம் வந்த 336ல பெரும்பாலும் ரிசீவர் மேல ஓட்டை கம்பெனியிலயே போட்டிருக்கும், அதை மூடி வச்சிருக்கற குட்டி ஸ்க்ரூக்களை எடுத்துட்டு ஓட்டையில எண்ணெய் இல்லாம துடைச்சு, நீல லாக்டைட் (ஸ்க்ரூ கழலாம பிடிக்கற பசை) ஒரு சொட்டு விட்டு, மவுண்ட்டோட வந்த தாள்ல போட்டிருக்கற டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முடுக்குங்க. கைக்கு வந்த வரைக்கும் முறுக்காதீங்க, ஸ்க்ரூ சின்னது, மண்டை பிஞ்சிடும். முக்கியமான விஷயம், ஸ்க்ரூ நீளம். கொஞ்சம் நீளமா இருந்தா உள்ள போல்ட்டுல (சேம்பரை மூடற, முன்னும் பின்னும் ஓடற உலோகத்துண்டு) முட்டும், லெவர் இழுக்கும்போது பிடிக்கும். அதனால ஒவ்வொரு ஸ்க்ரூ முடுக்கின உடனே லெவரை ஒரு தடவ முழுசா அடிச்சுப் பாத்துடுங்க, எந்த ஸ்க்ரூன்னு அப்பவே தெரிஞ்சிடும். ஸ்கோப்புன்னா ஹேமர்ல (பின்னாடி கட்டைவிரலால இழுக்கற சுத்தி) கட்டைவிரல் எட்டறதுக்கு பக்கவாட்டு நீட்சி ஒண்ணு மாட்டணும், டாட்டைக் கொஞ்சம் முன்னால தள்ளி வச்சா அந்தத் தொல்லையும் இல்ல, கண்ணுக்கும் டாட்டுக்கும் இவ்வளவு தூரம்னு கணக்கு கிடையாதே.

எந்த டாட்டுன்னு கேட்டா, காட்டுக்கு மூடின வகை வாங்குங்க. திறந்த வகையில எல்இடி வெளிய இருக்கும், ஒரு மழைத்துளி, பனி, காஞ்ச இலைத்தூள் போதும், புள்ளி காணாமப் போயிடும். எய்ம்பாயிண்ட் எச்-2 காசு அதிகம், ஆனா ஒரு சிஆர்2032 பேட்டரியில 50,000 மணி நேரம்னு சொல்றாங்க, வருஷத்துக்கு ஒரு தடவ சீசன் முன்னாடி மாத்திட்டா அந்தக் கவலையே வேணாம். புள்ளி 2 எம்ஓஏ (இது கோண அளவு) போதும், 100 கஜத்துல சுமாரா 2 இஞ்ச்சை மறைக்கும். பெருசா வாங்கினா கிட்டத்துல வேகமா கிடைக்கும்தான், ஆனா தூரத்துல மானோட தோளையே மூடிடும். சாயங்காலம் வெளிச்சத்தைக் குறைச்சு வைக்கப் பழகுங்க, இல்லன்னா புள்ளி பூவா விரிஞ்சு மானே தெரியாது.

ஜீரோ பண்றதுக்கு, அதாவது புள்ளி நிக்கற இடத்துலயே தோட்டா விழற மாதிரி சரி பண்றதுக்கு, 25 கஜத்துல ஆரம்பிங்க. டாட்டோட திருகுல ஒரு கிளிக் 1 எம்ஓஏன்னா 100 கஜத்துல ஏறக்குறைய 1 இஞ்ச், 25ல கால் இஞ்ச், அதனால 25ல ஒரு இஞ்ச் தள்ளி அடிச்சா நாலு கிளிக். 25ல குறிக்கு அரை இஞ்ச் கீழ விழற மாதிரி வச்சுட்டு 100க்குப் போனா பேப்பர்ல எங்கயாவது நல்ல இடத்துல இருக்கும், அங்க முடிச்சுக்கோங்க. வேட்டைக்கு எந்தத் தோட்டாவோ அதையே போட்டு ஜீரோ பண்ணுங்க. பழைய தட்டை மூக்கு 170 கிரெயினும் (கிரெயின்னா குண்டோட எடை அளவு) ஹார்னடி லெவரெவல்யூஷன் 160 கிரெயினும் ஒரே இடத்துல விழாது.

உங்க தம்பிகிட்ட இருக்கற பழைய வின்செஸ்டர் 94க்கும் இதே மவுண்ட் வருமான்னு கேட்டிருந்தீங்க. வராது. மார்லின்ல காலி கேஸ் (சுட்ட தோட்டாவோட வெத்துக் கூடு) பக்கவாட்டுல வெளிய போகும், மேல மூடி இருக்கும், 94ல மேல திறந்து நேரா உசரக்க தூக்கிப் போடும், நடுவுல டாட்டை வச்சா கேஸ் அதுலயே போய் மோதும். 1980கள் தொடக்கத்துல கேஸ் சாஞ்சு போற மாதிரி மாத்தினாங்க, அந்த மாடலா இருந்தா ரிசீவர்லயே போடலாம். அதுக்கு முந்தினதுன்னா பின் சைட்டைக் கழட்டிட்டு பேரல் மேல முன்னாடி உக்கார்ற மவுண்ட்டு தேடுங்க. ஓட்டை போடணும்னு யாராவது சொன்னா, அது 1964க்கு முன்னாடி வந்த துப்பாக்கியான்னு நம்பரைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, பழசுக்கு ஓட்டை போட்டா சேகரிக்கறவங்க கொடுக்கற விலை பாதாளத்துக்குப் போயிடும்.